சுரப்பிகளின் வரலாறு – 9: மீனின் முதுகெலும்புக்கு அடியில்

சென்ற பகுதியில், லண்டன் விலங்கியல் பூங்காவில் இறந்துபோன ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை ரிச்சர்ட் ஓவன் அறுத்துப் பார்த்ததையும், தைராய்டை ஒட்டி மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னச் சுரப்பி இருப்பதை அவர் குறித்து வைத்ததையும் பார்த்தோம். அதே சுரப்பியை மனிதர் கழுத்தில் 1880இல் கண்டுபிடித்தவர் ஸ்வீடன் நாட்டு மாணவர் இவார் சான்ட்ஸ்ட்ரோம். அதை எடுத்துவிட்டால் வரும் வலிப்பு, கால்சியம் கொடுத்தால் நின்றுவிடுகிறது என்று 1909இல் மக்காலமும் ஃபோக்ட்லினும் நிறுவினார்கள். பாராதைராய்டு என்ற அந்தச் சுரப்பி, ரத்தத்தில் கால்சியம் குறையும்போதெல்லாம் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுத்துச் சரிக்கட்டுகிறது. மனிதனுக்கும் மாட்டுக்கும் காண்டாமிருகத்துக்கும் கதை இதுதான்.

அப்படியானால் மீனுக்கு? மீனுக்குக் கழுத்தே கிடையாது. எத்தனையோ உடற்கூற்றியலாளர்கள் தேடியும் மீனில் பாராதைராய்டு என்று ஒரு சுரப்பி அகப்படவில்லை. ஆனால் மீனுக்கும் இதயம் துடிக்கிறது, தசை சுருங்குகிறது, நரம்பு வேலை செய்கிறது, காயம் பட்டால் ரத்தம் உறைகிறது. இவை நான்குக்கும் ரத்தத்தில் கால்சியம் ஓர் அளவில் நின்றாக வேண்டும். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. மீனில் அந்த அளவைக் காப்பது யார் என்பதுதான் இந்தப் பகுதியின் கதை.

இந்தக் கேள்வியைக் கேட்க ஆத்தூரைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், தாமிரபரணியின் கடைசிப் பாலத்தைத் தாண்டினால் ஆத்தூர். அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில் புன்னைக்காயலில் ஆறு கடலோடு கலக்கிறது. ஒரு பக்கம் வாழையும் நெல்லும் வெற்றிலைக் கொடிக்காலும், மறுபக்கம் உப்பளமும் உவர்நிலமும். இந்தக் கரையின் செல்வம் முழுக்கவே ஒரு வகையில் கால்சியம்தான். கொற்கை காலத்திலிருந்து பேர் வாங்கித் தந்த முத்து, சிப்பி தன் உடலுக்குள் படலம் படலமாகப் படியவைத்த கால்சியம் கார்பனேட். 1961இல் தூத்துக்குடியில் முத்துக் குளிப்பு நின்றுபோன பிறகு, 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அழகர்சாமி இதே கடலில் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலையோடு சேர்ந்து வாய்க்குப் போகும் சுண்ணாம்பும் ஒரு கால்சியச் சேர்மம்தான். இந்தக் கடற்கரையில் அதைச் சிப்பியையும் சங்கையும் சுட்டே எடுத்தார்கள்.

சிப்பி தனக்குத் தேவையான கால்சியத்தைக் கடல்நீரிலிருந்து எடுத்து ஓடாக்கிக்கொள்கிறது. மீனின் நிலை அப்படி எளிதல்ல. கடல்நீரில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 40 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஆற்று நீரில் பொதுவாகச் சில மில்லிகிராம்தான். மீனின் ரத்தத்தில் இருக்க வேண்டியதோ நம் ரத்தத்தில் இருப்பதைப் போலவே 10 மில்லிகிராம் அளவில். கடலில் இருக்கும்போது வெளியே நான்கு மடங்கு. ஆற்றில் ஏறினால் வெளியே பாதிகூட இல்லை. இந்த இரண்டு நீருக்கும் உடம்புக்கும் நடுவே இருப்பது செவுளின் மெல்லிய தோல் மட்டும். நாம் கால்சியத்தைச் சாப்பாட்டில்தான் பெறுகிறோம். மீன் அதில் பெரும்பங்கை நீரிலிருந்தே செவுள் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது.

புன்னைக்காயல் கழிமுகத்து மீன்களை நினைத்துப் பாருங்கள். மடவை உப்புநீரிலிருந்து உவர்நீருக்கும் திரும்பவும் கடலுக்குமாக வந்து போகிறது. கொடுவா கடலோரத்தில் பிறந்து, குஞ்சுப் பருவத்தில் ஆற்று நீரை நோக்கி ஏறி, சினை பிடிக்கும் வயதில் மறுபடியும் உப்புநீருக்கு இறங்குகிறது. விலாங்கு வாழ்நாளில் பெரும்பகுதியை ஆற்றிலும் குளத்திலும் கழித்துவிட்டு, இனம் பெருக்க ஆழ்கடலுக்குப் போகிறது. போகும் வழியெல்லாம் வெளிநீரின் கால்சியம் பல மடங்கு ஏறி இறங்குகிறது. ரத்தத்தின் கால்சியமோ ஏறக்குறைய அப்படியே நிற்கிறது.

இதற்குக் காரணமான உறுப்பைப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரு பெரிய மடவையைக் கழுவும் இடத்தில் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் போதும். வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, காற்றுப்பையையும் அகற்றிய பின், முதுகெலும்பை ஒட்டி நெடுக ஒரு கருஞ்சிவப்புப் பட்டை தெரியும். உறைந்த ரத்தம் என்று நினைத்து மீன் வெட்டுகிறவர்கள் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி எறிவது அதைத்தான். அதுதான் மீனின் சிறுநீரகம். சுரண்டும் முன் அதன் பின்பாதியைத் தண்ணீர் விட்டுக் கழுவி வெளிச்சத்தில் பார்த்தால், இரண்டு பக்கமும் வெளிறிய வெள்ளையில் குண்டூசித் தலை அளவுக்கு ஒவ்வொரு பொட்டு தென்படலாம். எல்லா மீனிலும் இரண்டே என்று இல்லை. சால்மன் குடும்பத்தில் அதிகம். மீனுக்கு மீன் இருக்கும் இடமும் கொஞ்சம் மாறும். ஆனால் எலும்புமீன்களில் இவை உண்டு.

இவற்றை முதலில் விவரித்தவர் ஜெர்மனியின் ரோஸ்டாக் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹெர்மன் ஃப்ரீட்ரிக் ஸ்டானியஸ். ஆண்டு 1839. மருத்துவ மாணவர்களுக்கு அவர் பேர் வேறு ஒரு காரியத்தால் பழக்கம்: தவளையின் இதயத்தில் நூலால் முடிச்சுப் போட்டு, துடிப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று காட்டும் சோதனை அவருடையது. ஸ்டர்ஜன் என்ற மீனின் சிறுநீரகத்தில் இந்தச் சின்ன உருண்டைகளைக் கண்ட ஸ்டானியஸ், சிறுநீரகத்தோடு ஒட்டியிருப்பதால் இவை நம்முடைய அட்ரினல் சுரப்பிக்கு ஈடானவை என்று கருதினார். அவர் காலத்து அறிவுக்கு அது நியாயமான முடிவுதான். நாளமில்லாச் சுரப்பி, ஹார்மோன் என்ற சிந்தனையே அப்போது பிறக்கவில்லை. ஹார்மோன் என்ற சொல் புழக்கத்துக்கு வர இன்னும் 66 ஆண்டுகள் பாக்கி இருந்தன.

வருத்தம் தருவது அதற்குப் பின் நடந்ததுதான். அந்தக் கருத்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆராய்ச்சியாளர்களை வழிமறித்து நின்றது. மீனின் உண்மையான அட்ரினல் திசு சிறுநீரகத்தின் முன்பகுதிக்குள்ளேயே சிதறிக் கிடக்கிறது என்று தெரிந்த பிறகும்கூட, ஸ்டானியஸ் உருண்டைகளில் அட்ரினல் ஹார்மோன்களைத் தேடும் வேலை ஓயவில்லை. ஒரு பெரியவர் வைத்த பேரை ஒட்டியே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் இத்தனை காலம் பிடிக்கத்தான் செய்யும். இருக்கும் இடத்தை வைத்துத் தீர்மானிக்காமல், எடுத்துவிட்டால் என்ன ஆகிறது என்று பார்க்க ஒருவர் வர வேண்டியிருந்தது.

வந்தவர் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் மோரிஸ் ஃபோன்டேன். அவர் எடுத்துக்கொண்டது ஐரோப்பிய விலாங்கு. உப்புநீரும் நன்னீரும் பழகிய மீன், அறுவையையும் தாங்கும். அதன் ஸ்டானியஸ் உருண்டைகளை நீக்கிவிட்டு ரத்தத்தைச் சோதித்தார். அதன் கால்சியம் ஏறிவிட்டிருந்தது. 1964இல் வெளிவந்த அந்த முடிவு, 125 ஆண்டுகளாகப் பொருள் தெரியாமல் கிடந்த உறுப்புக்கு ஒரு வேலையைக் காட்டியது. எடுத்தால் கால்சியம் ஏறுகிறது என்றால், இருக்கும்போது அது கால்சியத்தை ஏறவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள்.

எங்கிருந்து வரும் கால்சியத்தை என்ற அடுத்த கேள்விக்குப் பதில் அமெரிக்கக் கரையோரத்துச் சிறு மீன் ஒன்றில் கிடைத்தது. பீட்டர் பாங் 1970களின் தொடக்கத்தில் கில்லிஃபிஷ் என்ற அந்த மீனின் உருண்டைகளை நீக்கிக் கடல்நீரில் விட்டார். ரத்தக் கால்சியம் ஏறியது. அதே அறுவை செய்த மீனைக் கால்சியம் மட்டும் இல்லாமல் தயாரித்த செயற்கைக் கடல்நீரில் விட்டார், ஏறவில்லை. எளிமையான சோதனை, ஆனால் சந்தேகத்துக்கு இடம் வைக்காதது. கூடுதல் கால்சியம் எலும்பிலிருந்து கரைந்து வரவில்லை, வெளிநீரிலிருந்தே வருகிறது. மிருகங்களின் பாராதைராய்டு எலும்போடு கணக்குப் பார்க்கிறது. மீனின் இந்தச் சுரப்பி தண்ணீரோடு கணக்குப் பார்க்கிறது. எனக்கு இந்த வரலாறு முழுவதிலும் பிடித்த சோதனை இதுதான்.

சுரக்கும் பொருளைத் தனியே பிரித்தெடுக்க மேலும் காலம் பிடித்தது. 1980களின் பின்பாதியில் கனடாவில் சால்மனிலிருந்தும், நெதர்லாந்தில் டிரௌட் மீனிலிருந்தும் அது பிரிக்கப்பட்டது. ஹைப்போகால்சின், டீலியோகால்சின் என்று ஆளுக்கொரு பேர் வைத்து, கடைசியில் கண்டுபிடித்தவர் நினைவாக ஸ்டானியோகால்சின் என்ற பேர் நிலைத்தது. சர்க்கரைக் கூறு சேர்ந்த ஒரு புரதம் அது. ரத்தத்தில் கால்சியம் சற்றுக் கூடியதும் உருண்டையின் செல்கள் அதை உணர்ந்து ஸ்டானியோகால்சினை வெளியிடுகின்றன. ரத்தத்தோடு செவுளுக்குப் போய்ச் சேர்ந்து, அங்குள்ள அயனி கடத்தும் செல்களில் கால்சியம் நுழையும் வழிகளை அது அடைக்கிறது. குளம் நிரம்பியதும் வாய்க்கால் மடையை அடைப்பது போன்ற காரியம். குடல் வழியாக உறிஞ்சப்படும் கால்சியத்தையும் குறைக்கிறது. ரத்தக் கால்சியம் இறங்கியதும் சுரப்பு நிற்கும், செவுள் மறுபடி திறக்கும். கடல்நீரில் இந்த வேலைக்கு ஓய்வே இல்லை என்பதை அளவுகளைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

நன்னீரில் நிலைமை தலைகீழ். அங்கே கால்சியத்தை உள்ளே இழுக்க வேண்டும். அதற்குத் துணை செய்வது பிட்யூட்டரி சுரப்பி, முக்கியமாக அதன் புரோலாக்டின். பிட்யூட்டரியை நீக்கிய கில்லிஃபிஷைக் கால்சியம் குறைந்த நீரில் விட்டபோது ரத்தக் கால்சியம் விழுந்து, மீனுக்கு வலிப்பு கண்டதைப் பாங் பதிவு செய்தார். பாராதைராய்டை எடுத்துவிட்டால் வரும் அதே வலிப்பு. தாய்ப்பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் என்று நாம் அறிந்த ஒன்று, மீனில் கால்சியத்தை உயர்த்தும் வேலையில் இருக்கிறது. பெண் மீனில் சினை பிடிக்கும் காலத்தில் இன்னொரு ஏற்றமும் வரும். கருவுக்கு உணவாகப் போகும் மஞ்சள் கருப் புரதத்தைக் கல்லீரல் உண்டாக்கி ரத்தத்தில் அனுப்பும்; அது தன்னோடு நிறையக் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு வருவதால் மொத்த அளவு பல மடங்குகூட ஏறும். சினை மீனின் ரத்தத்தை மட்டும் சோதித்துவிட்டு நோய் என்று முடிவுகட்டக் கூடாது.

ஃபோன்டேன் விலாங்கைச் சோதித்த அதே காலத்தில் கனடாவின் மேற்குக் கரையில் வேறொரு பாதையில் இன்னொரு கதை வளர்ந்துகொண்டிருந்தது. வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் உடலியங்கியல் பேராசிரியர் ஹெரால்ட் காப், நாய்களின் தைராய்டு, பாராதைராய்டு பகுதிக்குள் கால்சியம் கூடிய ரத்தத்தைச் செலுத்திப் பார்த்தார். பாராதைராய்டின் சுரப்பு நின்றுவிட்டது என்று மட்டும் சொல்லி விளக்க முடியாத வேகத்தில் உடலின் கால்சியம் இறங்கியது. இறக்குவதற்கென்றே ஒரு ஹார்மோன் இருக்கிறது என்று அவர் 1961இல் அறிவித்து, அதற்குக் கால்சிடோனின் என்று பேர் வைத்தார். அது பாராதைராய்டிலிருந்து வருவதாக அவர் நினைத்தார். தைராய்டிலிருந்தே வருகிறது என்று அமெரிக்காவில் ஹிர்ஷ் குழுவும், ஆடுகளில் சோதித்த லண்டனின் மெக்இன்டயர் குழுவும் அடுத்தடுத்துக் காட்டின.

தைராய்டுக்குள் இந்த ஹார்மோனைச் சுரக்கும் சி செல்கள் எங்கிருந்து வந்தன என்ற கேள்விதான் எல்லாரையும் மீனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. பாலூட்டிகளின் கரு வளரும்போது கடைசிச் செவுள் பையின் அருகே தோன்றும் சிறு திசு தைராய்டோடு கலந்துவிடுகிறது. மீனிலும் கோழியிலும் அது கலக்காமல் தனிச் சுரப்பியாகவே நிற்கிறது. அதற்கு அல்டிமோபிராங்கியல் சுரப்பி என்று பேர். மீனில் உணவுக்குழாய்க்கு அடியில், இதயத்தையும் வயிற்று அறையையும் பிரிக்கும் மெல்லிய சுவரில் அது இருக்கும். 1967இல் காப் குழுவினர் கோழியிலும் நாய்ச்சுறாவிலும் அந்தச் சுரப்பியை எடுத்துச் சோதித்தார்கள். கால்சிடோனின் அதில் நிறைந்திருந்தது. பிறகு பசிபிக் கரையின் மீன் பதனிடும் ஆலைகளில் கழிவாகப் போய்க்கொண்டிருந்த சால்மன் பாகங்களிலிருந்து சுரப்பிகளைச் சேகரித்துச் சுத்தமான ஹார்மோனைப் பிரித்தார்கள். 1969இல் அதன் 32 அமினோ அமிலங்களின் வரிசையும் தெரிந்துவிட்டது.

மனிதக் கால்சிடோனினிலும் 32 அமினோ அமிலங்கள்தான். ஏறக்குறைய பாதி இடங்களில் இரண்டும் வேறுபடுகின்றன. ஆனால் மனித உடலில் மனிதச் சரக்கைவிட சால்மன் சரக்குப் பல மடங்கு வலுவாக வேலை செய்கிறது, நீண்ட நேரமும் நிற்கிறது. எலும்பைக் கரைக்கும் செல்களை அடக்கும் மருந்தாக, பேஜட் எலும்பு நோய்க்கு 1970களிலிருந்து ஊசியாகவும், மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்புத் தேய்வுக்குப் பின்னாளில் மூக்கில் அடிக்கும் மருந்தாகவும் உலகம் முழுக்கப் போனது. நீண்ட காலம் எடுப்பவர்களுக்குப் புற்றுநோய் அபாயம் சற்றுக் கூடுகிறது என்று கண்டு, 2012இல் ஐரோப்பிய மருந்து முகமை அதன் பயன்பாட்டைச் சுருக்கச் சொன்னது. அதற்குள் நல்ல மாற்று மருந்துகளும் வந்துவிட்டிருந்தன.

மனிதனுக்கு இவ்வளவு பலமான மருந்தைக் கொடுத்த மீனுக்கு, அந்தக் கால்சிடோனின் என்ன செய்கிறது? இங்கேதான் ஆராய்ச்சியாளர்கள் தடுமாறினார்கள். மீனுக்குள் ஊசி போட்டால் சில இனங்களில் ரத்தக் கால்சியம் இறங்கியது, சிலவற்றில் அசையவே இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ரத்த அளவைப் பிடித்து நிறுத்தும் முதல் பொறுப்பு ஸ்டானியோகால்சினுடையது என்றே சொல்ல வேண்டும். கால்சிடோனினுக்கு ஒரு தெளிவான வேலையைக் காட்டியவர்களில் ஜப்பானின் நொபுவோ சுசுகி முக்கியமானவர். தங்கமீனின் செதிலை எடுத்து அவர் சோதித்தார். செதிலிலும் எலும்பைப் போலவே கட்டும் செல்களும் கரைக்கும் செல்களும் உண்டு. கரைக்கும் செல்களைக் கால்சிடோனின் அடக்குகிறது என்று 2000இல் அவர் குழு காட்டியது. செதிலை வெறும் கவசம் என்று எண்ணியிருந்தவர்களுக்கு, மீன் தேவைக்கு எடுத்துக்கொள்ளும் கால்சியச் சேமிப்பும் அதுதான் என்று தெரிந்தது.

மீனில் பாராதைராய்டு இல்லை என்ற பழைய முடிவும் அந்தப் பத்தாண்டிலேயே ஆட்டம் கண்டது. சுரப்பி இல்லாவிட்டாலும் அதன் ஹார்மோனுக்கான மரபணுக்கள் மீனில் இருப்பது தெரிந்தது. 2004இல் லண்டனில் ஒகாபேயும் கிரஹாமும், பாராதைராய்டு உருவாக அவசியமான ஜிசிஎம்2 என்ற மரபணு மீனில் செவுள் மொட்டுகளை உருவாக்கும் வேலையில் இருப்பதைக் காட்டினார்கள். நீரிலிருந்து கால்சியத்தை எடுத்துவந்த செவுள்தான், உயிர்கள் கரையேறிய பிறகு கழுத்துக்குள் போய், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துத் தரும் சுரப்பியாக மாறியது என்பது அவர்கள் வாதம். எனக்கு அது ஏற்கத்தக்கதாகவே படுகிறது.

இந்த வரலாற்றில் இந்தியாவின் பங்கை நம் பாடநூல்கள் போதிய அளவு சொல்வதில்லை. உத்தரப்பிரதேசத்தில் கோரக்பூர் பல்கலைக்கழக விலங்கியல் துறையில் அஜய் குமார் ஸ்ரீவாஸ்தவும் அவரோடு வேலை செய்தவர்களும் பல பத்தாண்டுகளாக ஸ்டானியஸ் உருண்டைகளையும் அல்டிமோபிராங்கியல் சுரப்பியையும் ஆராய்ந்தார்கள். ஜப்பானின் சுசுகியோடும் சேர்ந்து எழுதினார்கள். அவர்கள் அதிகமாக எடுத்துக்கொண்ட மீன் நம் குளங்களிலும் வாய்க்கால்களிலும் இருக்கும் தேளி. பக்கத்துடுப்பில் இருக்கும் முள் குத்தினால் கடுத்துப்போகும் என்பதால் பிள்ளைகள் பயப்படும் அதே தேளிதான். செவுளோடு காற்றையும் சுவாசிக்கும் தனி உறுப்பு இருப்பதால் சேற்றிலும் குறைந்த நீரிலும் உயிர் பிடித்து நிற்கும். தொட்டியில் வைத்து நீரின் கால்சியத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க ஏற்ற மீன்.

அந்தத் துறையினர் பிறகு பூச்சிக்கொல்லி பக்கம் திரும்பினார்கள். சைபர்மெத்ரின் கலந்த நீரில் தேளியை வைத்துப் பார்த்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. மீன் சாகாத அளவிலேயே மருந்து இருந்தும் ரத்தக் கால்சியம் இறங்கியது. அல்டிமோபிராங்கியல் சுரப்பியின் செல் உட்கருக்கள் சுருங்கின. வெளியே பார்த்தால் மீன் நீந்திக்கொண்டுதான் இருக்கும். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே தாமிரபரணிக் கடைமடையின் நெல் வயலிலும் வாழைத் தோட்டத்திலும் வடியும் நீர் வாய்க்கால்களுக்கே போகிறது. அங்கே செத்து மிதக்கும் மீனை எண்ணி மட்டும் நீரின் நலத்தை அளந்தால், அதற்கு முன்பே தேளியின் ரத்தத்தில் தொடங்கிவிடும் மாற்றம் கணக்கில் வராது. அதைக் காட்ட ஒரு சொட்டு ரத்தமும், முதுகெலும்புக்கு அடியிலும் உணவுக்குழாய்க்கு அடியிலும் இருக்கும் அந்தச் சிறு சுரப்பிகளை நுண்ணோக்கியில் பார்க்கும் வசதியும் போதும்.

அடுத்த பகுதியில் எலும்பே இல்லாத சுறா தன் ரத்தக் கால்சியத்தை எப்படிக் காக்கிறது என்று பார்ப்போம்.